ஊஞ்சலை உதைப்பவரே இசைக்கிறார் என்றால் இசையமைப்பாளருக்கு என்ன வேலை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வரிசையாகத் தொங்கும் ஊஞ்சல்களில் ஆட்கள் ஏறி ஆடினால் இசை எழுகிறது. இசைக்கலைஞரையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்து இதை ஒரு கலைக்கூடம் செய்திருக்கிறது. அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, பல ஆண்டுகளாகக் கீபோர்டு வாசிக்கும் நீங்கள், இது எப்படி வேலை செய்கிறது, இதுபோல் நானும் செய்யலாமா, நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது: வழியில் போகிறவர் காலை உதைத்தாலே இசை வந்துவிடும் என்றால் இசை படித்தவனுக்கு அங்கே என்ன வேலை? உங்களை உண்மையில் உறுத்துவது இந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதை மனத்தில் வைத்தே மற்றவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் படித்தது மின்னணுவியல். தொட்டால், நடந்தால், அசைந்தால் ஒலி எழுப்பும் பொருள்களை அருங்காட்சியகங்களுக்கும் நாடக அரங்குகளுக்கும் செய்து கொடுத்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாண்ட்ரியலில் குடியிருக்கிறேன். அந்தக் கலைக்கூடத்தில் நான் வேலை பார்த்தவன் இல்லை. அவர்கள் வெளியில் சொன்னதும், நானே அந்த ஊஞ்சல்களில் ஆடிக் கேட்டதும், என் பட்டறையில் கற்றதும்தான் என் கையிருப்பு. இசையமைப்பு என் துறை அன்று. அதைப் பற்றி நான் சொல்வதை, இசையமைப்பாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவனின் சொல்லாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கலைக்கூடத்தின் பெயர் 'டெய்லி டூ லே ஜூர்'. முதற்சொல் ஆங்கிலம், மற்றவை பிரெஞ்சு. இரண்டுக்கும் பொருள் 'தினந்தோறும்'. இரண்டு மொழிகள் ஒரே தெருவில் புழங்கும் ஊருக்குப் பொருத்தமான பெயர். மௌனா அண்ட்ராவோஸ், மெலிசா மோன்ஜியா என்ற இரண்டு பெண்கள் 2010இல் தொடங்கினார்கள். நீங்கள் பார்த்த '21 ஊஞ்சல்கள்' 2011இல் நகரின் கலைநிகழ்ச்சி வட்டாரத்தில் முதன்முதலாக வைக்கப்பட்டது. ஒருபுறம் இசை, நடன அரங்குகள். மறுபுறம் பல்கலைக்கழகத்தின் அறிவியல் வளாகம். நடுவில் நீளமான நடைபாதை. இசையை மாண்ட்ரியல் இசைக்கலைஞர் ரத்வான் காசி மூம்னே அமைத்தார். கியூபெக் பல்கலைக்கழகத்தில் அப்போது விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்துவந்த லுக்-அலென் ஜிரால்டோ என்ற அறிவியலாளரையும் இந்த வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வோர் ஊஞ்சலும் தனக்கான சுரங்களை எழுப்பும். பியானோ, ஹார்ப், கிட்டார், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன் ஆகியவற்றின் நாதங்கள். சில பண்கள் மட்டும், பலர் ஒன்றுசேர்ந்து ஆடினால்தான் வெளிப்படும். ஊஞ்சல்கள் ஆண்டுதோறும் வசந்தத்தில் திரும்பி வந்தன. பிறகு அவற்றின் பயண வடிவம் வேறு நகரங்களுக்கும் போனது. இவை உறுதியான செய்திகள்.

இனி, உங்கள் வேலைக்கு நேராகப் பயன்படும் ஒன்று. ஊஞ்சல் என்பது ஊசல். தமிழில் இரண்டும் ஒரே வேரில் வந்த சொற்கள். பள்ளியில் 'தனி ஊசல்' படித்திருப்பீர்கள். ஊசல் ஒருமுறை போய்வர ஆகும் நேரத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம். ஆடுகிறவரின் எடைக்கு அதில் பங்கில்லை. இரண்டரை மீட்டர் கயிறு என்றால் ஏறத்தாழ 3.2 வினாடி. இருபது கிலோ குழந்தை ஆடினாலும் எண்பது கிலோ ஆள் ஆடினாலும் கிட்டத்தட்ட அதேதான். கீபோர்டுக்காரராக இதை எண்ணிப் பாருங்கள். ஒரே நீளத்தில் இருபத்தொரு ஊஞ்சல்களைத் தொங்கவிட்டால், இசை தெரியாத இருபத்தொரு பேருக்கும் ஒரே காலப்பிரமாணத்தை இயற்கையே பிடித்துக் கொடுத்துவிடுகிறது. ஒருமுறை போய்வருவதை நான்கு தாள அடிகளாகப் பிரித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 76 அடி வரும். பாடத் தோதான நடை. கல்யாண வீட்டில் ஊஞ்சல் பாட்டுப் பாடும் பெண்கள் யாரும் தாளம் எண்ணுவதில்லை. சங்கிலியே எண்ணிக் கொடுக்கிறது.

காலப்பிரமாணம் பொதுவாகிவிட்டால் ஆளுக்கு ஆள் வேறுபடுவது, யார் எப்போது தொடங்கினார், எவ்வளவு உயரம் போகிறார் என்பவை மட்டும். உயரத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. எடை காலத்தை மாற்றாது என்றேன். வீச்சு சிறிதளவு மாற்றும். நேர்நிலையிலிருந்து 40 பாகை வரை வீசி ஆடுகிறவருக்கு, மெல்ல அசைகிறவரைவிட ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 3 சதவீதம் கூடுதல் நேரம் ஆகும். கேட்கச் சிறிது. ஆனால் இருவரும் ஒன்றாகத் தொடங்கினாலும் பதினாறு பதினேழு சுற்றுகளில், அதாவது ஒரு நிமிடத்துக்குள், ஒருவர் முன்னால் போகும்போது மற்றவர் பின்னால் போய்க்கொண்டிருப்பார். ஆகவே இருவர் சேர்ந்தே ஆட வேண்டுமானால் உயரம் போகிறவர் சற்றுக் குறைக்க வேண்டும், தாழ ஆடுகிறவர் சற்று உந்த வேண்டும். பக்கத்து ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டே ஆட வேண்டும். அந்தப் பார்வையைக் கேட்டுவாங்கும் இசையை எழுதியவர்தான் இங்கே இசையமைப்பாளர். உங்கள் உறுத்தலுக்கான பதிலின் பாதி இதில் இருக்கிறது.

ஒரு மாலை நான் கண்டதைச் சொல்கிறேன். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் ஆடிய ஊஞ்சலுக்கு அடுத்ததில், அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் இருந்த முதியவர் ஒருவர் கைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். முதலில் இரண்டும் தனித்தனியாக ஒலித்தன. அவள் பாதத்தை நீட்டி மடக்கி வேகமாக உந்தினாள். அவர் நிதானமாக ஆடினார். நான்கைந்து சுற்றுகளுக்குப் பிறகு தற்செயலாக இரண்டும் சேர்ந்தன. அதுவரை இல்லாத ஒரு சுரவரிசை எழுந்தது. மகள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். அடுத்த சுற்றில் அது போய்விட்டது. அப்போது அந்த முதியவர் ஷூவின் நுனியைத் தரையில் லேசாகத் தேய்த்து, தம் ஆட்டத்தை அவளுடைய ஆட்டத்தோடு சேர்த்தார். மறுபடி வந்தது. இருட்டிய பின் பலகைகளின் அடியில் வெள்ளை விளக்கு எரியும். இரண்டு வெளிச்சங்களும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பியதை நான் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முதியவரின் ஷூ நுனியை அசைத்தது மூம்னே எழுதிய இசை விதி என்றுதான் நான் நம்புகிறேன். நீங்கள் மேடையில் ஒரு ராகத்தைத் தொடங்கினால் அடுத்து என்ன வாசிப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. இங்கே எது நடந்தாலும் அடுத்து என்ன ஒலிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஆடினால் என்ன, இருபத்தொருவரும் தாறுமாறாக ஆடினால் என்ன, நடுவில் மூவர் இறங்கிப் போனால் என்ன என்று எல்லாவற்றுக்கும்.

இந்த இடத்தில் புதியவர்கள் எடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. ஐந்து சுரங்களே உள்ள ராகத்தை எடுத்துக்கொள்வார்கள். மோகனத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் எந்தச் சுரத்தோடு எந்தச் சுரம் மோதினாலும் காதை உறுத்தாது. யார் எப்படி உதைத்தாலும் இனிமை உறுதி. நானும் இரண்டு மூன்று முறை அப்படிச் செய்திருக்கிறேன், இப்போது செய்வதில்லை. எதைச் செய்தாலும் இனிக்கிறது என்றால், ஆடுகிறவருக்குத் தான் செய்தது ஒரு பொருட்டே இல்லை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சற்று உறுத்தி, சேர்ந்தால் தீர்கிற இசைதான் ஆளை ஊஞ்சலில் உட்காரவைக்கிறது. எவ்வளவு உறுத்தலாம், எப்போது தீர வேண்டும் என்பது என் போன்ற கம்பி இணைப்பவனால் சொல்ல முடியாத விஷயம். அதற்கு இசை படித்தவர் வேண்டும்.

கேட்கிறவர் யார் என்பதும் இந்த வேலையில் மாறிவிடுகிறது. ஊஞ்சலில் ஆடுகிறவர் பத்து நிமிடம் கேட்பார். எதிர்க்கடையில் நிற்பவர், காவலுக்கு இருப்பவர், மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் ஆகியோர் பல வாரங்களுக்கு நாள் முழுதும் கேட்பார்கள். நான் செய்த ஒரு பொருளில் மணியோசை போன்ற ஒலியை வைத்திருந்தோம். திறந்த மூன்றாம் நாள், அங்கே காவலுக்கு நின்ற பெண் வந்து, தூக்கத்திலும் அது கேட்கிறது என்றார். அன்றே உயர்ந்த அதிர்வெண்களை வெட்டி, ஒலிகளுக்கு நடுவே இடைவெளி கூட்டி மாற்றினோம். அதன் பிறகு எந்த வேலையிலும் காவலாளியைத்தான் முதல் ரசிகராக வைத்துப் பேச்சைத் தொடங்குகிறேன்.

சரி, எப்படி வேலை செய்கிறது? அந்த ஊஞ்சல்களுக்குள் இருக்கும் கருவிகளை நான் பிரித்துப் பார்த்ததில்லை. பொதுவாக இத்தகைய வேலையில் உள்ள வழிகளைச் சொல்கிறேன். முதல் வழி, சங்கிலி மாட்டியிருக்கும் மேல் அச்சில் கோணத்தை அளக்கும் சென்சாரைப் பொருத்துவது. அசையாத இடத்தில் இருப்பதால் கம்பி அறுபடாது, மின்சாரம் தருவது எளிது. இரண்டாவது, பலகைக்கு அடியில் சிறு சென்சாரையும் மின்கலத்தையும் ஒளித்துவைத்துக் கம்பியில்லாமல் செய்தி அனுப்புவது. நான் முதன்முதலில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துத் தடுக்கி விழுந்தேன். அந்தத் தவறு உங்களுக்கும் நேரலாம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானி என்ற சென்சாரை மரப்பலகையின் அடியில் ஒட்டி ஆடவிட்டேன். பலகை முன்னும் பின்னும் பாய்கிறது. முன்பின் திசையில் அளவு பெரிதாக ஏறி இறங்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். திரையில் கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது. சென்சார் கெட்டுவிட்டது என்று இரண்டு முறை மாற்றினேன். கெடவில்லை. பால் நிறைந்த தூக்கை நீங்கள் மெல்ல வீசிக்கொண்டு நடந்தால் பால் சிந்துவதில்லை அல்லவா? தூக்கு சாய்ந்தாலும் பாலின் மேல்மட்டம் தூக்கின் அடிப்பாகத்துக்கு இணையாகவே நிற்கும். தூக்குக்குள் இருக்கும் பாலுக்குப் பக்கவாட்டு இழுப்பு எதுவும் தெரிவதில்லை. பலகையோடு சேர்ந்து ஆடும் முடுக்கமானிக்கும் அதே கதி. முன்பின் திசையில் அதற்கு ஒன்றும் தெரியாது. சங்கிலியின் திசையில் இழுப்பு கூடிக் குறைவது மட்டும் தெரியும். சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோஸ்கோப்பை வைத்தவுடன் எல்லாம் சரியானது. ஊஞ்சல் தாழ்ந்த புள்ளியைக் கடக்கும்போது அதன் அளவு உச்சத்தில் இருக்கும். முன் உச்சியிலும் பின் உச்சியிலும் சுழியத்தைத் தொடும். சுழியத்தைத் தொடும் அந்தக் கணம்தான் வயிற்றில் ஒரு வெறுமை தோன்றும் கணம். சுரத்தை அங்கே வைத்தால் உடம்பும் காதும் ஒன்றாகச் சிலிர்க்கும். தாழ்ந்த புள்ளியில் வைத்தால் அழுத்தமான அடி போல விழும். எதை எங்கே வைப்பது என்பதும் இசை முடிவுதான்.

அசைவுக்கும் ஒலிக்கும் இடையே வரும் தாமதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். விரலால் தட்டும் கருவியில் பத்து மில்லிவினாடிக்கு மேல் போனாலே வாசிப்பவருக்குத் தெரியத் தொடங்கும். மூன்று வினாடிக்கு ஒருமுறை திரும்பும் உடம்புக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. ஒலிபெருக்கியை ஆடுகிறவருக்கு அருகில் வையுங்கள், போதும். தலைவலி தருவது வேறு: மழை, உறைபனி, சங்கிலியை முறுக்கிவிட்டுச் சுற்றும் பையன்கள், ஒரே பலகையில் மூவர் உட்கார்வது. என் அனுபவத்தில் இத்தகைய படைப்புகளுக்கான உழைப்பில் பெரும்பகுதி திறப்பு விழாவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இதே கலைக்கூடத்தின் இன்னும் இரண்டு படைப்புகளைச் சொல்கிறேன். இரண்டிலும் இசையும் பொறியும் எங்கே கைகோக்கின்றன என்று பாருங்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மேசா என்ற ஊரில் 2016இல் தரையில் ஓடுகள் பதித்தார்கள். நிழல் விழுந்தால் அந்த ஓடு பாடும்; மனிதக் குரல்கள் எழும். பாலைவன ஊர், வெயிலுக்குப் பஞ்சமில்லை. காலையிலும் மாலையிலும் நிழல் நீளும், உச்சிவெயிலில் காலடிக்குள் சுருங்கும். ஆக ஒரே ஆள் ஒரே இடத்தில் நின்றாலும் பொழுதுக்கேற்ப இசை மாறிவிடும். நம் மரபில் பொழுதுக்கு ராகம் சொல்வார்கள். அங்கே சூரியனே அதைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, கனடாவின் பாடகரும் கவிஞருமான லியோனார்டு கோஹன் மறைந்தபின் மாண்ட்ரியலின் சமகாலக் கலை அருங்காட்சியகம் 2017இல் தொடங்கிய கண்காட்சிக்காகச் செய்தது. எண்கோண வடிவ இருக்கையில் உட்கார்ந்தோ படுத்தோ, மேலிருந்து தொங்கும் மைக்குகளில் அவருடைய 'ஹல்லேலூயா' பாடலை வாயை மூடி முனகலாம். அதே நேரம் இணையத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் எண்ணிக்கையும் முனகும் குரல்களாக அறைக்குள் சேரும். பாடச் சொன்னால் கூச்சப்படுகிறவர்கள்கூட வாயை மூடி முனகச் சொன்னால் முனகுவார்கள். சென்சாரைவிடப் பெரிய தொழில்நுட்பம் அந்த ஒரு முடிவில் இருக்கிறது.

இப்படிச் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே வழியில் போகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஜப்பானின் மேவா டெங்கி என்ற கலைக்குழு 1993இல் இரண்டு சகோதரர்கள் தொடங்கியது. மூடிப்போன தங்கள் அப்பாவின் மின்பொருள் தொழிற்சாலையின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். குழுவினர் தொழிலாளர்களின் நீலச் சீருடையில் மேடையேறுவார்கள். கச்சேரி என்று சொல்லாமல் 'பொருள் விளக்கக் காட்சி' என்பார்கள். அவர்களுடைய பொறிகள் உண்மையான பொருளைத் தட்டி உண்மையான ஓசை எழுப்பும். மின்சாரம் சுத்தியலை அசைக்கும், அவ்வளவுதான். தவளைக்குஞ்சு போன்ற ஓடமடோன் என்ற பாடும் பொம்மை 2009இல் அவர்களிடமிருந்து வந்தது. நீங்கள் கடையில் பார்த்திருக்கவும் கூடும். மாண்ட்ரியல்காரர்களின் படைப்பில் பொறி மறைந்திருக்கும், மக்கள் முன்னால் நிற்பார்கள். இவர்கள் படைப்பில் பொறியே நடிகர். உங்கள் கை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். இத்தகைய படைப்புகள் அந்நியர்களை நெருங்கவைக்கின்றன என்று அடிக்கடி எழுதப்படுகிறது. சேர்ந்து ஒரே தாளத்தில் அசைந்தவர்கள் பிறகு ஒருவரோடொருவர் கூடுதலாக ஒத்துழைக்கிறார்கள் என்று 2009இல் வில்ட்டர்முத், ஹீத் என்ற ஆய்வாளர்கள் சோதனைகளில் காட்டினார்கள். சேர்ந்து பாடி ஆடிய நான்கு வயதுக் குழந்தைகள் பிறகு ஒருவருக்கொருவர் கூடுதலாக உதவினார்கள் என்று 2010இல் இன்னோர் ஆய்வு வந்தது. இவை கவனமாக வடிவமைத்த சோதனைகள், உடனடி விளைவுகள். தெருவில் பத்து நிமிடம் ஆடிவிட்டுப் போனவர்களிடம் அது எவ்வளவு நேரம் தங்கும் என்பது இவற்றிலிருந்து தேறாது. 2009இல் ஸ்டாக்ஹோமின் ஓடன்பிளான் நிலையத்தில் படிக்கட்டைப் பியானோ ஆக்கியபோது வழக்கத்தைவிட 66 சதவீதம் கூடுதலானோர் படியேறினார்கள் என்ற கணக்கையும் பார்த்திருப்பீர்கள். அது ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரக் காணொளி சொன்ன கணக்கு. புதுமை தீர்ந்தபின் என்ன ஆனது என்பதைப் பற்றி அது பேசவில்லை. இப்படி ஒன்றைச் செய்ய நீங்கள் யாரிடமாவது விண்ணப்பித்தால், அதில் அந்த எண்ணைச் சான்றாகப் போடாதீர்கள். ஆடுகிற ஒவ்வொருவரும் இசையமைப்பாளர் ஆகிவிடுகிறார் என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. அவர்கள் வாசிப்பவர்கள். நல்ல வாசிப்பாளருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி அவர்களுக்குக் கிடைக்கிறது, அதுவே பெரிது.

நிரல் தெரிய வேண்டுமா என்றால், தொடங்குவதற்கு வேண்டாம். வீட்டில் ஊஞ்சல் இருந்தால், இல்லாவிட்டால் பூங்காவில், கைப்பேசியைத் துணியில் சுற்றிப் பலகையின் அடியில் இறுகக் கட்டுங்கள். ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'ஃபைஃபாக்ஸ்' செயலியில் ஜைரோஸ்கோப்பைத் திறந்து ஆடிப் பாருங்கள். மேலே சொன்ன ஏற்ற இறக்கம் அப்படியே வரைபடமாக வரும். பிறகு 'ப்யூர் டேட்டா' என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள்; அதில் கட்டங்களைக் கோடுகளால் இணைத்தே ஒலியை உருவாக்கலாம். கீபோர்டையும் கணினியையும் இணைக்கும் மிடி முறையைப் பழகியவருக்கு இரண்டு மாதத்தில் கைவரும். சென்சாருக்கும் வெல்டிங்குக்கும் ஆள் தேடிக்கொள்ளலாம்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பே கீபோர்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. வீட்டில் இசை தெரியாத இருவரை அழைத்து, ஆளுக்கு மூன்று கட்டைகளை மட்டும் ஒதுக்கிக் கொடுங்கள். அவர்கள் எப்படித் தட்டினாலும் கேட்கத் தகுந்ததாகவும், ஒருவரையொருவர் கவனித்துத் தட்டும்போது மட்டும் அழகாகவும் ஒலிக்கும் ஆறு சுரங்களைக் கண்டுபிடியுங்கள். நான் ஒரு இசையமைப்பாளரோடு அந்த ஆறு சுரங்களுக்காக மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு என்ன கிடைத்தது என்று இங்கேயே எழுதுங்கள். அந்த இருவர் எந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.